பிள்ளைகளிடம் கையெழுத்து கேட்காதீர்கள்: எங்கள் சேகரப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சிக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுப் பிள்ளைகளிடம் ஒரு உறுதிமொழித் தாள் கொடுக்கப்பட்டது. சினிமாப் பாட்டு கேட்க மாட்டேன், பாட்டுக் கேட்கும் செயலிகளை போனில் வைத்திருக்க மாட்டேன், எங்கேயும் எந்த அளவிலும் மதுவைத் தொட மாட்டேன். கீழே பெயர், கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. போடாதவர்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கி போட முடியாது என்று அன்றைக்கே அறிவித்துவிட்டீர்கள். இது ஏன் திடீரென்று வந்தது என்று சபைக்கே தெரியும். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன், கூட வேலை செய்கிறவரின் கல்யாண வரவேற்பில் ஒயின் கிளாஸோடு நிற்கும் படம் வாட்ஸப்பில் வீடு வீடாகப் போய்விட்டது. குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடுகிறவன். பத்தாம் வகுப்பு வரை என் ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் உட்கார்ந்தவன். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமலே குழுவிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

கமிட்டியில் பேச வேண்டியதைப் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். அறிவிப்பு மைக்கில் வந்தது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். அதனால் பதிலும் எல்லோரும் படிக்கும்படி இருக்கட்டும்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை, குடிக்கப்போவதும் இல்லை. என் சித்தப்பா ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். சித்தி தாலிச் செயினை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று வாதாடவும் நான் வரவில்லை. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் மதுவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே சேர்த்துவிட்டது. கெடுதல் இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023இல் அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. வாலிபர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டே சொல்ல வையுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

என் மனத்தாங்கல் வேறு. ஒரு காரியம் உடம்புக்கு ஆகாது என்பதும், அது பாவம் என்பதும், அதைச் செய்கிறவன் ஆண்டவரைப் பாடத் தகுதியில்லாதவன் என்பதும் மூன்று தனித்தனிப் பேச்சு. அந்தத் தாள் மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. அப்படிக் கட்டுவதற்கு வேதத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று பெரியவர்களாகிய நீங்கள்தான் எனக்குக் காட்ட வேண்டும்.

கானாவூர் கல்யாணத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு கற்சாடி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் பிடிக்கும். பவுல் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினார். அதே பவுல் எபேசியருக்கு மதுபான வெறி கொள்ளாதிருங்கள் என்று கண்டித்து எழுதினார். வெறியைப் பற்றி வேதம் எத்தனை கடுமையாகப் பேசுகிறது என்று நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தை வாசித்த எவருக்கும் தெரியும். கண் சிவந்து, தள்ளாடி, அடிபட்டது கூடத் தெரியாமல் மறுபடி அதையே தேடிப் போகிறவனை அப்படியே கண்முன் நிறுத்துகிற பகுதி அது. ஆனால் ஒரு கிளாஸைக் கையில் வைத்திருந்தவனைக் கூட்டத்திலிருந்து விலக்கு என்று எந்த நிருபத்திலும் இல்லை. ரோமர் 14ஆம் அதிகாரம் முழுவதுமே இந்த மாதிரிச் சண்டைக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இறைச்சி சாப்பிடலாமா, விசேஷ நாள் பார்க்கலாமா என்று ரோமாபுரிச் சபை இரண்டாகப் பிரிந்து நின்றபோது பவுல் பட்டியல் போடவில்லை. “அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று முடித்தார். அதற்கு முந்தின வசனம் இன்னும் நேராகக் கேட்கிறது: “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

சொட்டு மதுவும் பாவம் என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வந்தது என்றும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். நம் திருவிருந்தில் கொடுப்பது புளிக்காத சாறு. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் சூடுபடுத்தி வைக்கும் வழியைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். அதற்கு முன் பதினெட்டு நூற்றாண்டுகளாகச் சபை புளித்த ரசத்தைத்தான் பந்தியில் வைத்தது. அந்தக் காலத்து மதுவிலக்கு இயக்கங்களுக்குப் பின்னால் நியாயமான துக்கம் இருந்தது. ஆலைத் தொழிலாளியின் கூலி முழுக்கச் சாராயத்துக்குப் போய், பிள்ளைகள் பட்டினி கிடந்த காலம் அது. அந்த இயக்கக்காரர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் தங்கள் காலத்துக்கு எடுத்த முடிவை, வேதத்தின் கட்டளை போல நம் பிள்ளைகள் தலையில் வைக்கக் கூடாது.

நம் ஊர்க் கதையும் இதில் உண்டு. நம்மில் பலருடைய தாத்தா, பூட்டன் எல்லாம் பனையேறிகள். ஒரே பாளையிலிருந்துதான் பதநீரும் வரும், கள்ளும் வரும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது ஈ.வெ.ரா. சேலம் தாதம்பட்டியில் தம் தோப்பிலிருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அது அவருடைய கொள்கை வைராக்கியம், குறை சொல்ல மாட்டேன். பனையை நம்பிப் பிழைத்த நம் முன்னோருக்கு அந்த வழி கிடையாது. கருப்பட்டியும் ஓலையும் நாரும் நுங்கும் அந்த மரத்திலிருந்துதான் வர வேண்டும். கள் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் தினமும் விடியுமுன் ஏறி, கலயத்துக்குக் கலயம் சுண்ணாம்பு தடவினார்கள். அந்தப் பொறுமையான வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தாளில் இருப்பது அரிவாள்.

அப்புறம் பாட்டு. எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

நம் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் தலைப்புக்குக் கீழே ராகமும் தாளமும் போட்டிருக்கும். அந்த ராகங்கள் சபைக்குள் பிறந்தவை இல்லை. தஞ்சாவூர்க் கச்சேரிகளிலும் கோயில்களிலும் சதிர் மேடைகளிலும் ஒலித்தவை. அவற்றை எடுத்து ஆண்டவரைப் பாடினவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் நம் பாளையங்கோட்டையில் பிறந்தவர், தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர். பின்னால் வந்த புது மிஷனரிகள் கல்யாணத்தில் பூ வைக்கிறதையும் ஆராதனையில் தமிழ்ப் பாட்டு பாடுகிறதையும் விலக்கப் பார்த்தபோது, அது கொடுமை என்று எதிர்த்து எழுதினார். அதே எழுத்தில் அவர் சாதிப் பிரிவினையையும் ஆதரித்தார். அதில் நான் அவர் பக்கம் இல்லை, முழுக்க மிஷனரிகள் பக்கம். ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் தோற்றிருந்தால் இன்றைக்கு நம் சபையில் கீர்த்தனை என்ற ஒன்றே இருந்திருக்காது. ஒரு காலத்தில் உலகத்துக்குரியது என்று ஒதுக்கப்பட்டதைத்தான் நாம் இப்போது எழுந்து நின்று பாடுகிறோம்.

சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு விசுவாசி. சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளில் நம் ராகங்களின் வேரைத் தேடி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலை வெளியிட்டார். இந்தத் தாளை அவர் முன் வைத்திருந்தால் என்ன செய்திருப்பார்? சமண முனிவர் எழுதியதாகச் சொல்லப்படும் காப்பியத்தில் ஒரு கிறிஸ்தவனுக்கு என்ன வேலை என்று அவரையும் விலக்கியிருப்போமா?

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது கிட்டார் பாவம், டிரம்ஸ் பாவம், டிவி சாத்தானின் பெட்டி. இப்போது நம் ஆலயத்திலேயே கீபோர்டும் டிரம்ஸும் இருக்கின்றன. 2020 ஊரடங்கில் ஆலயக் கதவு மூடியபோது ஆராதனை யூட்யூபில்தான் நடந்தது. பாட்டிமார் போனைச் சாமி மேசை மேல் சாய்த்து வைத்து முழங்காலில் நின்றார்கள். அந்த போனில் ஒரு இளையராஜா பாட்டும் இருந்தால் அது அசுத்தமாகிவிடுமா? சமையல் செய்யும்போது நானே கேட்கிறேன். சில சினிமாப் பாட்டுகள் கேட்கத் தகுந்தவை இல்லைதான். பெண்ணைச் சரக்கு போலப் பாடுவதும், குடியைக் கொண்டாடுவதும், அரிவாளையும் சாதிப் பெருமையையும் தூக்கிப் பிடிப்பதும் எனக்கு அருவருப்பு. அவற்றை என் வகுப்பில் எடுத்துப் பேசுகிறேன். வரி வரியாக, இது என்ன சொல்கிறது, உன் தங்கச்சியைப் பற்றி இப்படிப் பாடினால் சும்மா இருப்பாயா என்று கேட்கிறேன். பிள்ளைகள் தாங்களாகவே, டீச்சர் இது வேண்டாம் என்கிறார்கள். அப்படி எடுத்த முடிவு பெங்களூருக்கும் கூடப் போகும். ஞாயிற்றுக்கிழமை பயத்தில் அழித்த செயலி திங்கட்கிழமை திரும்ப வந்துவிடும்.

செயலி பற்றிப் பேச வேண்டியதே வேறு. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதற்கு முன்னும் பின்னும் பல வந்தன. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததை அதுவே போடும். நாம் எதைத் தள்ளினோம், எதை முழுதாகக் கேட்டோம், எந்த நேரத்தில் கேட்டோம் என்று பார்த்துப் பார்த்து நம் ருசியைக் கணக்குப் போடும். 30 விநாடி தாண்டினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதனாலேயே பாட்டுகளின் முன்னிசை சுருங்கிவிட்டது, ஆளை உடனே பிடிக்க வேண்டியிருக்கிறது என்று இசை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் தாங்களே பாட்டைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் தேர்ந்தெடுப்பது இயந்திரம். இதில் ‘கிறிஸ்தவப் பாட்டு மட்டும்’ கேட்கிறவனும் ஒன்றுதான், சினிமாப் பாட்டு கேட்கிறவனும் ஒன்றுதான். இரவு இரண்டு மணி வரை காதில் இயர்போனோடு, நிறுத்த முடியாமல், எந்தப் பாட்டு என்று கூடக் கவனிக்காமல் கிடக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி கேட்பதெல்லாம் ஆராதனைப் பாட்டுதான். உங்கள் தாளில் அவள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம்.

“எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அந்த வசனம்தான். போனுக்கும் அது பொருந்தும், கிளாஸுக்கும் பொருந்தும். இதை நான் எடுத்தேனா, இது என்னை எடுத்துக்கொண்டதா? வேண்டாம் என்று இப்போது வைக்க என்னால் முடியுமா? இந்தக் கேள்விகளைத் தனக்குத் தானே கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நம் பட்டியல் தேவைப்படாது. கேட்கத் தெரியாத பிள்ளைக்குப் பட்டியல் உதவாது, ஏனென்றால் நாளைக்கு வரப்போவது எதுவும் அதில் இருக்காது. ஆன்லைன் ரம்மி அதில் இல்லை. கடன் செயலி அதில் இல்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தில் மிக வலுவானது இடறல் பற்றியது. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். சகோதரன் இடறுவானானால் மாம்சமும் வேண்டாம், மதுவும் வேண்டாம் என்று அதே ரோமர் 14 சொல்கிறது. நாம் இருப்பது தமிழ்நாடு. மது சில்லறை விற்பனையை 2003இல் அரசாங்கமே எடுத்துக்கொண்ட மாநிலம். டாஸ்மாக் வழியாக ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் வருகிறது. இங்கே ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு பேசியபடி சாப்பிடுகிற பழக்கம் ரொம்பக் குறைவு. கடை வாசலில் நின்று ஒரு குவார்ட்டரை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நம் சபையிலேயே எத்தனை வீட்டில் சனிக்கிழமை ராத்திரி சத்தம் கேட்கிறது என்று எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில், குடியை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிற ஒரு அண்ணன் முன்னால் ஒயின் கிளாஸோடு படம் போடுவது யோசனையில்லாத காரியம். இதை அந்தப் பிள்ளையிடம் நானே போனில் சொன்னேன். அவன் தர்க்கம் பண்ணவில்லை. படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டான்.

சபை மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்தில் மது கூடாது என்று நீங்கள் வைத்திருக்கும் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது சபையின் வீடு, அங்கே சட்டம் வைக்கச் சபைக்கு உரிமை உண்டு. குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்தால், வண்டி ஓட்டினால், மனைவியை அடித்தால் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். மனைவியை அடிக்கிறவர்களை நாம் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம் என்பதையும் அப்போது யோசியுங்கள். காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு நம் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறவர்களில் அப்படிப்பட்டவர் இருப்பது இங்கே ரகசியம் இல்லை. அவரிடம் யாரும் தாள் நீட்டவில்லை.

பவுல் சொன்ன இடறல் காரியம் அன்பினால் ஒருவன் தானாக விட்டுக்கொடுப்பது. பெற்றோர் கையெழுத்தோடு, அங்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்குவதற்கு அன்பு என்று பெயர் இல்லை. இரட்சணிய சேனை என்கிற சால்வேஷன் ஆர்மி சபையைப் பாருங்கள், நாகர்கோவில் பக்கத்தில் அவர்களைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர்களில் போர்வீரராகச் சேருகிறவர்கள் மதுவும் புகையிலையும் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் அது ஒருவர் ஜெபித்து, தானாக முன்வந்து எடுக்கும் தீர்மானம். பாட்டு விஷயத்திலோ, அவர்கள் ஆரம்ப காலத்திலேயே ஜனங்கள் தெருவில் முணுமுணுத்த மெட்டுகளை எடுத்து அதில் ஆண்டவருடைய வார்த்தையைப் போட்டுப் பாடினார்கள். அவர்கள் மது விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள், மெட்டு விஷயத்தில் நம்மைவிடத் தாராளமானவர்கள். இரண்டிலும் ஆளைப் பெரியவராக நடத்தினார்கள்.

தாள் கொடுத்த மறு ஞாயிறு என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், கையெழுத்துப் போட்டுட்டுப் பாட்டுக் கேட்டா அது பொய்தானே? போடாம இருந்தா ஆல்டோ குரல் பாட ஆளே இல்லையே?” பாடவும் வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது என்று பதினான்கு வயதில் தவிக்கிறாள். பெரிய பிள்ளைகள் இந்தத் தவிப்பைத் தாண்டிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் சபைக்காரர்கள் பார்க்க ஒரு கணக்கு, சிநேகிதர்களுக்கு ஒரு கணக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு ஒயின் கிளாஸை விட எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையாக விழுந்துபோகும் நாளில், உண்மையாகவே குடிக்கு அடிமையாகும் நாளில், இந்தப் பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்ல மாட்டார்கள். நம்மிடம் மறைக்கத்தான் அவர்களுக்கு நாம் பழக்கிவிட்டிருக்கிறோம்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போட்ட கையெழுத்துகளைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பெங்களூர்ப் பிள்ளையைக் குருவானவர் ஐயா தாமே கூப்பிட்டுப் பேசட்டும். கேரல் பயிற்சி தொடங்குவதற்கு முன் அவன் குழுவில் இருக்கட்டும். பிள்ளைகளைத் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் ரோமர் 14க்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், நான் பாடம் தயாரித்துத் தருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேச அதைத் திறந்துவிடுங்கள். உலகமெங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் எத்தனையோ ஆலயக் கட்டடங்களில் நடக்கின்றன, நம் மண்டபத்தில் நடந்தால் கனக்குறைவு ஒன்றும் இல்லை. வருகிறவரிடம் பெயரும் சபையும் கேட்க வேண்டாம். டீ செலவைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சிலரிடம் பேசிவிட்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி செயலருக்குத் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் வந்து பேசுவேன். கூப்பிடாவிட்டாலும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வகுப்பில் இருப்பேன். பிள்ளைகள் கேட்டால் இந்த மடலில் எழுதியதைத்தான் சொல்வேன் என்பதை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை